மிலிட்டரிக்குப் போகணுமா தம்பி? ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். விடிகாலை ஐந்து மணிக்கு ரோட்டோரம் வந்து நின்றால், இருட்டுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் முன்னால் வரும். அப்புறம்தான் ஓடுகிற பையன்கள் தெரிவார்கள். பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. இந்தப் பக்கத்தில் மிலிட்டரி என்றால் எதிர்வீட்டு அண்ணன் பார்க்கிற வேலை.

அதனாலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்திருப்பார். தான் சேர்ந்த கதையைத்தான் பையனுக்கு வழியாகச் சொல்லுவார். நானும் அப்படிப்பட்ட ஒரு மாமாதான். 1997இல் சேர்ந்தேன். ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போனேன், ஓடச் சொன்னார்கள், ஓடினேன். அளந்தார்கள், மெடிக்கல் பார்த்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு ஒரு பரீட்சை. அந்த வரிசை இப்போது இல்லை. 2023 முதல் எழுத்துத் தேர்வு முன்னால் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் நடக்கும் அந்தப் பொது நுழைவுத் தேர்வில் தேறிப் பட்டியலில் பெயர் வந்தவனுக்குத்தான் ரேலிக்கு அழைப்பு. குதிரை மாதிரி ஓடுகிறவனாக இருந்தாலும் பரீட்சையில் போய்விட்டால் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

ஆகவே என் காலத்துக் கதையை விட்டுவிட்டு, என் அக்கா மகனை இரண்டு வருடம் கூட இருந்து தயார்ப்படுத்தியதில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். அதில் பாதி, நாங்கள் செய்த தப்புகள். உரிமையோடு 'நீ' என்றே எழுதப் போகிறேன். பெங்களூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்காரர்களை ராணுவத்தில் மொழி தெரியாதவர்கள்கூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

வயதுக் கணக்கு

இப்போது சிப்பாயாகச் சேர முக்கிய வழி அக்னிவீர்தான். நான்கு வருடப் பணிக்கு ஆள் எடுக்க 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டம் அது. குறைந்தபட்ச வயது பதினேழரை. மேல் வரம்பு அந்தந்த வருட அறிவிப்பில் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்.

இந்தப் பதினேழரையை விண்ணப்பிக்கிற நாளில் கணக்குப் பார்த்து, "எனக்கு இன்னும் வயசு வரலை" என்று ஒரு வருடத்தை விட்டுவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அது தப்பு. வயதை அறிவிப்பில் சொல்லியிருக்கும் ஒரு தேதிக்குத்தான் பார்ப்பார்கள். அந்தத் தேதி விண்ணப்பத்துக்குப் பல மாதம் தள்ளி இருக்கும். 2025இல் விண்ணப்பம் மார்ச்சில் தொடங்கியது, ஆனால் 2008 ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் போடலாம் என்றார்கள். அதாவது பதினேழு நிறைவதற்கு முன்பேகூட விண்ணப்பம் போட்டிருக்கலாம்.

இன்னொரு இடைஞ்சல். இந்த மூன்று நான்கு வருடமாக விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில்தான் திறக்கிறது. நம் பிளஸ் டூ பொதுத்தேர்வும் மார்ச்சில். நீ பிளஸ் டூ படிக்கும்போதே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பொதுப்பணிக்கு, அதாவது ஜிடிக்கு, விண்ணப்பம் போட முடியும். ஆனால் பிசிக்ஸ் பிராக்டிகல் நடக்கிற வாரத்தில் உட்கார்ந்து ஆதாரில் போன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் கெடும். பதினாறு வயதில், பிளஸ் ஒன் போகும்போதே, கீழே சொல்லும் முதல் இரண்டு வேலையை முடித்துவிடு.

முதல் வேலை: உன் பெயர்

ஒரு நாள் சாயங்காலம் அக்கா மகன் இ-சேவை மையத்திலிருந்து போன் பண்ணினான். "மாமா, என் பேரு தப்பாம்." பெயர் எப்படிடா தப்பாகும் என்று கேட்டுக்கொண்டே போனேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. அப்பா பெயர் ஒன்றில் சுப்பிரமணி, இன்னொன்றில் சுப்பிரமணியன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் எச் எழுத்து கூட, இன்னொரு இடத்தில் இல்லை. எங்கள் அக்கா பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதம்.

வடக்கத்திப் பையன்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. இனிஷியல் நம் ஊர் வழக்கம். விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் இருக்கும்போது நம் பையன் திகைத்துப் போய் எதையாவது போட்டுவிடுகிறான். விதி ஒன்றுதான்: உன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அதுதான் அடிப்படை ஆவணம். இனிஷியல் அதில் எந்த இடத்தில் நிற்கிறதோ, விண்ணப்பத்திலும் அந்த இடத்திலேயே நிற்கட்டும். சொந்தமாக விரித்து எழுதாதே.

மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பள்ளிக்கூடம் வழியாக நடக்கும் பெரிய வேலை. ஆதாரைத் திருத்துவது எளிது. அதனால் ஆதாரை மதிப்பெண் பட்டியலின் பக்கம் கொண்டுவா. பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு, திருத்திய ஆதாரை வைத்து எடு. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உன் கையில் இருக்கிற நம்பராக இருக்க வேண்டும். பெரியப்பா மகன் வாங்கிக் கொடுத்த சிம், அவர் திருப்பூரில் இருக்கிறார் என்றால், ஓடிபி அவருக்குத்தான் போகும்.

அடுத்தது சான்றிதழ்கள். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவையில் போடு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போய் வரும். ஒரு சான்றுக்கு அரசுக் கட்டணம் 60 ரூபாய், அதற்கு ரசீது உண்டு. வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்ததில் சிலருடைய பழைய சான்றில் வேலூர் என்றும் ஆதாரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்றும் இருக்கும். இப்போது எந்த மாவட்டமோ அதற்குப் புதிதாக இருப்பிடச் சான்று எடுத்து வைத்துக்கொள். ஆள்சேர்ப்பு அலுவலகம் எப்படியும் சென்னைதான். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் மூன்று இடத்தில் அலுவலகம் இருக்கிறது, நம் பக்கம் சென்னையோடு சேர்ந்தது.

நன்னடத்தைச் சான்றும் மணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அவற்றை இப்போதே எடுத்து அடுக்கி வைக்காதே, ரேலிக்கு அழைப்பு வந்த பிறகு அறிவிப்பில் இருக்கும் படிவத்திலேயே வாங்கு. பதினெட்டு நிறையாதவனுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

அப்பா பட்டாளத்துக்காரர் என்றால் இன்னும் ஒன்று. முன்னாள் படைவீரர் மகனுக்கு உயரத்தில் 2 சென்டிமீட்டர், மார்பில் 1 சென்டிமீட்டர், எடையில் 2 கிலோ சலுகை உண்டு, தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அதற்கான உறவுச் சான்று அப்பாவின் படைப்பிரிவு ஆவணக் காப்பகத்திலிருந்து வர வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். வேலூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே வழி சொல்வார்கள், சான்று காப்பகம்தான் தர வேண்டும். அது வர நாளாகும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதே. "அகாடமியில் சேர்ந்தால் பத்திரமாக வைத்திருப்போம்" என்று வாங்கிக்கொண்டு, பாக்கிப் பணம் கட்டினால்தான் தருவோம் என்றவர்களிடம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்காக நானே போய் மல்லுக்கு நின்றிருக்கிறேன். "உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் கொடுத்தா முடிச்சுடலாம்" என்று ஒருவர் வருவார். தாராளமாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. தேர்வும் ஓட்டமும் எல்லாமே மதிப்பெண், அதில் அவர் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாவது வேலை: டாக்டரிடம் போ

பையன்கள் ஒன்றரை வருடம் ஓடுவார்கள். மெடிக்கலில் காதுக்குள் அழுக்கு, பல்லில் காரை என்று நிறுத்திவிடுவார்கள். அறிவிப்பிலேயே காது அழுக்கை எடுத்துவிட்டு, பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வா என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

முதலில் உயரம். ஜிடிக்கு நம் மாநிலத்துக்காரர்களுக்கு 166 சென்டிமீட்டர். டெக்னிக்கல் பிரிவுக்கு 165, கிளார்க் பிரிவுக்கு 162. செருப்பில்லாமல், சுவரோடு குதிகால் ஒட்டி நின்று, தலைமேல் ஒரு புத்தகத்தைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அள. 165 வந்தால் கவலைப்படாதே, பதினாறு வயதில் இன்னும் வளர்வாய். பதினெட்டு தாண்டியும் 163 என்றால் கிளார்க் பக்கம் பார், விளம்பரத்தில் வரும் உயரம் கூட்டும் பொடி எதையும் வாங்காதே. மார்பு 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

பாதம் தட்டையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலை நனைத்துக்கொண்டு காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு அடி வை. நடுப்பகுதி உள்வாங்கி, குதிகாலும் விரல் பக்கமும் ஒரு பட்டையால் சேர்ந்த மாதிரி தடம் விழுந்தால் நல்லது. செங்கல் மாதிரி முழுசாகப் பதிந்தால் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டு. நேராக நின்று முட்டி இரண்டும் ஒட்டும்போது கணுக்கால்கள் வெகுதூரம் விலகி நின்றால் அதையும் காட்டு. கால் நரம்பு சுருண்டிருப்பது, விதைவீக்கம், மூலம் இதெல்லாம் வெட்கப்பட்டு மறைக்கிற சமாச்சாரம். மறைத்தால் கடைசியில் அங்கே பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது தெரியவரும். முன்கூட்டியே தெரிந்தால் சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கண்ணுக்குத் தூரப் பார்வையும் நிறம் பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். பல்லுக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது, 14 புள்ளி வேண்டும். போதைப்பாக்கு போடுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடு. வாயைத் திறக்கச் சொன்ன நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, கண், பல், எலும்பு எல்லாப் புற நோயாளிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிறது. ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் போதும்.

பச்சை குத்தாதே. முழங்கைக்குக் கீழே உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் இருந்தால் உன்னை நீக்கிவிடுவார்கள், பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. காதலி பெயரை மார்பில் குத்திக்கொண்டு வந்து நின்றவனுக்கு யாரும் உதவ முடியாது. அதே மாதிரி காளை விடும் விழா. தை, மாசியில் நம் பக்கம் வாரத்துக்கு ஒரு ஊரில் நடக்கும், நானும் விடாமல் போகிறவன்தான். தடுப்புக்கு வெளியே நின்று பார். காறை எலும்பு ஒரு தரம் உடைந்தால் பீம் எடுக்க, அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்க, பல மாதம் ஆகும். திருவிழா, குடி, பைக் சண்டை என்று எதிலாவது வழக்கு பதிவாகிவிட்டால் போலீஸ் சரிபார்ப்பில் மாட்டுவாய்.

பரீட்சை

எந்தப் பிரிவு என்று முதலில் முடிவு பண்ணு. ஜிடிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. டெக்னிக்கலுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்தோடு பிளஸ் டூ, மொத்தம் 50, பாடத்துக்கு 40. கிளார்க்குக்கு எந்த குரூப் ஆனாலும் பிளஸ் டூவில் மொத்தம் 60, பாடத்துக்கு 50. கூடவே ஆங்கில டைப்பிங்கும் பார்க்கிறார்கள். டிரேட்ஸ்மேனுக்கு, அதாவது சமையல், முடிதிருத்துதல் மாதிரி வேலைகளுக்கு, பத்தாவது, அதில் சிலவற்றுக்கு எட்டாவது. 2025 முதல் ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பிரிவுக்குப் போடலாம். தமிழிலும் எழுதலாம் என்று வந்ததும் அந்த வருடம்தான். கட்டணம் 250 ரூபாய்.

ஜிடி தேர்வு ஒரு மணி நேரம், 50 கேள்வி, 100 மதிப்பெண். பொது அறிவு, அறிவியல், கணிதம் மூன்றிலும் பதினைந்து பதினைந்து, மீதி ஐந்து யோசித்துப் போடுகிற மாதிரிக் கேள்விகள். ஒரு கேள்வி தப்பினால் அரை மதிப்பெண் போகும். இதற்குக் கோச்சிங்குக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான சமச்சீர்ப் பாடப்புத்தகத்தில் கணக்கும் அறிவியலும் ஒழுங்காகப் படித்தவன் தாண்டிவிடுவான். பையன்கள் தடுக்கி விழுவது சதவீதம், வட்டி, வேகம் தூரம், சராசரி. தினமும் பத்துக் கணக்கு, கையில் வாட்ச் கட்டிக்கொண்டு போடு. பொது அறிவுக்குத் தினமும் ஒரு செய்தித்தாள், கூடவே ராணுவப் பதவிகள், விருதுகள், போர்கள், வருடங்கள். வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. கோட்டையைச் சுற்றிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறவன் இந்தத் தேதியைத் தவறவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

கம்ப்யூட்டரில் மவுஸ் பிடித்துப் பரீட்சை எழுதிப் பழகாதவன் முதல் பத்து நிமிடத்தை அதிலேயே விடுவான். ஆள்சேர்ப்பு இணையதளத்தில் மாதிரித் தேர்வு போட்டிருப்பார்கள். பிரவுசிங் சென்டரில் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்.

ஓட்டம், பீம்

சரி, உனக்குப் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம்.

1.6 கிலோமீட்டர். 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று. 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 5:45க்குள் என்றால் 48. 2025இல் இன்னும் இரண்டு படி சேர்த்து 6:15 வரை நீட்டினார்கள், ஆனால் அங்கே மதிப்பெண் 36, 24 என்று இறங்கும். பீமில் 10 எடுத்தால் 40, 9க்கு 33, 8க்கு 27, 7க்கு 21, 6க்கு 16. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்த கட்டை மேல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. இந்தக் கணக்கைக் கவனி. பீமில் பத்தாவது ஒன்று மட்டுமே ஏழு மதிப்பெண். ஓட்டத்தில் ஒரு விநாடி பிந்தினால் பன்னிரண்டு.

நாங்கள் செய்த பெரிய தப்பு தூரத்தில். பைக் மீட்டரை வைத்து ரோட்டில் 1.6 கிலோமீட்டர் குறித்து, புளியமரத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டோம். அக்கா மகன் 5:10இல் ஓடினான். ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அப்புறம் ஒரு நாள் காட்பாடியில் ஒழுங்கான டிராக்கில் ஓடவிட்டேன். 5:45 வந்தது. அவனுக்கு முகமே செத்துவிட்டது. திரும்பி வந்து முப்பது மீட்டர் டேப்பை எடுத்து ரோட்டை அளந்தோம், எங்கள் புளியமரம் 1450 மீட்டரிலேயே நின்றுகொண்டிருந்தது. டிராக் கிடைக்காவிட்டால் பள்ளி மைதானத்தில் டேப் வைத்து அளந்து 200 மீட்டராவது குறித்துக்கொள். போன் ஆப்பையும் முழுசாக நம்பாதே.

5:30 என்பது ஒரு சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. உன் கால் அந்த வேகத்தை மனப்பாடம் பண்ண வேண்டும். பையன்கள் முதல் சுற்றை எழுபது விநாடியில் பறந்து ஓடி மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் சுற்று 80, இரண்டும் மூன்றும் 84, கடைசி 80 என்று வைத்துக்கொண்டால் 5:28. மூன்றாவது சுற்றில்தான் எல்லாருக்கும் சரிகிறது. அங்கே 84ஐ விடாமல் பிடிப்பதுதான் பயிற்சி முழுவதும்.

முதல் இரண்டு மாதம் வாட்சே வேண்டாம். வாரத்துக்கு நான்கு நாள், கூட ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மூன்று கிலோமீட்டரில் தொடங்கி ஐந்து ஆறு வரை கொண்டு போ. மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 82 விநாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை. இன்னொரு நாள் மேடு ஏறு. வள்ளிமலைப் படிக்கட்டு இருக்கிறது, இல்லாவிட்டால் எந்தக் குன்றும் போதும், அதற்கு வேலூரில் பஞ்சமா. பாலாற்று மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆனால் வாரத்துக்கு ஒரு முறை மெதுவாக மட்டும். மணல் அள்ளிய குழியில் கணுக்கால் பிசகினவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை முழுசாக நான்கு சுற்றுக்கு நேரம் எடு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கட்டாயம். முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்பக்கம் குத்துகிற மாதிரி வலி வந்தால் ஒரு வாரம் நிறுத்து, அதன் மேல் ஓடினால் மூன்று மாதம் உட்கார வைக்கும்.

சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கு மேல் நம் ஊர் வெயிலில் ஓடாதே. ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடி.

பீமுக்கு ஜிம் வேண்டாம். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் கட்டினால் போதும். ஒன்றுகூட எடுக்க வராதவன், ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்கட்டும். தினம் பத்து இறக்கம். மூன்று நான்கு வாரத்தில் முதல் ஏற்றம் வந்துவிடும். கையை முழுசாக நீட்டி, தாடை கம்பிக்கு மேல் வந்தால்தான் அங்கே எண்ணுவார்கள். காலை உதைத்து ஆடி எடுப்பதைப் பழகாதே. ஓடிய களைப்போடு பீம் எடுக்க வேண்டி வரும், ஆகவே பயிற்சியிலும் ஓடிவிட்டு எடு.

சாப்பாட்டுக்குப் பெரிய ரகசியம் ஏதுமில்லை. கேழ்வரகுக் களி, கீரை, இரண்டு முட்டை, ஊற வைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி, ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கம். புரோட்டீன் டப்பா வாங்கப் பணம் கேட்டால் அப்பா திட்டுவார், திட்டட்டும். ஓடுவதற்கு முன் ஊசி போட்டால், மாத்திரை போட்டால் மூச்சு வாங்காது என்று யாராவது சொன்னால் அவனோடு சேராதே. ஊக்கமருந்து கண்டுபிடித்தால் அங்கேயே தகுதிநீக்கம், சில பையன்கள் ஓட்டத்தில் மயங்கி விழுவதும் இதனால்தான்.

வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது

அம்மா அப்பாவிடம் நான்கு வருடக் கணக்கைத் திறந்து சொல். எங்கள் காலத்து பென்ஷன் இதில் இல்லை, பணிக்கொடையும் இல்லை. முதல் வருடம் மாதம் 30,000, அப்புறம் 33,000, 36,500, நான்காம் வருடம் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிப்பார்கள், முதல் வருடம் கைக்கு வருவது 21,000. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசாங்கமும் போடும். நான்கு வருட முடிவில் இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டி தனி. பணியில் இருக்கும்போது உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு. நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. அதுவரை கல்யாணம் கூடாது.

இது லாபமா நஷ்டமா என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் "பையன் செட்டில் ஆகிவிட்டான்" என்று அந்தப் பத்து லட்சத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கி மாடி கட்டுகிற அப்பாக்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்தால் என்ன என்பதற்கு ஒரு பதில் கையில் வைத்துக்கொள். பிளஸ் டூவை முடித்துவிட்டுப் போ என்று நான் அடித்துச் சொல்வது அதற்காகத்தான்.

பெண்பிள்ளைகளுக்கும் ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீர் உண்டு. உயரம் 162, அதே 1.6 கிலோமீட்டரை 7:30க்குள் ஓடினால் முதல் பிரிவு. பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும். விமானப்படை, கடற்படைக்கு அறிவிப்பும் இணையதளமும் தனித்தனி, ஓட்ட நேரம் கொஞ்சம் தாராளம், படிப்பு கேட்பது அதிகம். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பையன்கள் கடற்படையை நினைத்தே பார்ப்பதில்லை, அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ரேலிக்குப் போகும் ராத்திரி

அனுமதிச் சீட்டில் போட்டிருக்கும் நேரம் நள்ளிரவு ஒன்று, இரண்டு என்று இருக்கும். பிழை என்று நினைக்காதே. இருட்டில் வரிசை கட்டி, சீட்டையும் உயரத்தையும் பார்த்து, விடியும்போது ஓட விடுவார்கள். முந்தின நாள் மதியமே ஊருக்குப் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்துவிடு. அப்பாவை வெளியேதான் நிறுத்துவார்கள்.

பிளாஸ்டிக் பையில் ஒரிஜினல் ஒரு கட்டு, நகல் இரண்டு கட்டு, வெள்ளைப் பின்னணியில் மூன்று மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் இருபது. தாடியோடு எடுத்த படம் வேண்டாம். பத்து ரூபாய் பத்திரத்தில் நோட்டரி போட்ட உறுதிமொழி. கடலை மிட்டாய், இரண்டு வாழைப்பழம், தண்ணீர். ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஒரு பழம் போதும். அப்புறம் நன்றாக வேலை செய்கிற ஒரு ஸ்மார்ட்போன், முழு சார்ஜ், நெட் பேலன்ஸ். ஓட்டம் முடிந்த பிறகு மனப்பாங்குத் தேர்வு என்று ஒன்று போனிலேயே வைக்கிறார்கள். உன் சுபாவத்தைக் கேட்கும் கேள்விகள் அவை. யூடியூபில் பார்த்த விடையைப் போடாதே, நீ எப்படியோ அப்படியே சொல்லு.

ஓட விடும்போது ஒரு கும்பலாக விடுவார்கள். முதல் ஐம்பது மீட்டர் முழங்கை சண்டைதான். நடுவில் மாட்டாமல் வெளி ஓரமாகப் போய், முதல் வளைவு தாண்டிய பிறகு உள் ஓரத்துக்கு வா. விழுந்தால் உடனே எழுந்து ஓடு, நான்கு சுற்றில் ஐந்து விநாடியை மீட்டுவிடலாம். நேரம் முடிந்ததும் குறுக்கே கயிற்றைப் பிடித்துவிடுவார்கள். கயிற்றைத் தாண்டியவன் அந்தப் பக்கம், தாண்டாதவன் இந்தப் பக்கம்.

மெடிக்கலில் ஏதாவது குறை சொன்னால் அழுதுகொண்டு பஸ் ஏறிவிடாதே. ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு அனுப்பச் சீட்டு தருவார்கள், அதில் எங்கே, எத்தனை நாளுக்குள் என்று இருக்கும். அதை அங்கேயே நின்று ஒரு தடவை படித்துவிட்டு வெளியே வா. அக்கா மகனுக்கும் காதில் ஒன்று சொன்னார்கள். மறுபரிசோதனையில் சரியாகிவிட்டது.

தகுதிப் பட்டியல் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கல்யாண வீடு கல்யாண வீடாகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயிற்சி மையத்தில் முதல் வாரமே நாக்குத் தள்ளும். ஜிடிக்குப் பயிற்சி சுமார் ஏழு மாதம். கொஞ்சம் இந்தியும் பழகிக்கொள், எண்களும் கட்டளைகளும் மட்டும் போதும். ஸாவ்தான் என்றால் விறைப்பாக நில், விஷ்ராம் என்றால் தளர்ந்து நில், தாஹினே என்றால் வலப்பக்கம். எங்கள் வீட்டில் பையன் அடுப்படியில் நின்று ஏக், தோ, தீன் என்று எண்ணிக்கொண்டே பீம் எடுத்தான். அக்காவுக்கு அது இப்போது நூறு வரை மனப்பாடம், பேரத்துக்குக்கூட இந்தியில்தான் எண்ணுகிறாள்.